கேள்வி கேட்காதவர்

அந்தத் தொடரை எங்கள் ஒழுங்கை வீடுகளில் காதால் பார்த்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் கண்ணால் மட்டும் பார்த்தார்கள். படத்தில் வருகிறவர்கள் ஆங்கிலத்தில் கதைப்பார்கள், அடியில் சிங்கள எழுத்து ஓடும். லிங்கநகரில் எங்கள் பக்கத்தில் இரண்டும் தெரிந்த ஆள் இல்லை. சிங்களம் வாசிக்க, அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்யும் கிளாக்கர் ஒருவர் இருந்தார். ஆங்கிலத்துக்கு நான் இருந்தேன்.

இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். அம்மா பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுவா. எங்கள் குடும்பத்தில் அகதியாக இல்லாமல் மாணவியாகப் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு அதிவிசேட சித்தி எடுத்து, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வயது. நான் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று நினைத்த வயது. பார்த்தார்கள். அதுதான் பிழையாகப் போனது.

ரீவி இருந்தது மாமி வீட்டில். மாமி எங்களுக்குச் சொந்தமில்லை, பக்கத்து வளவு. மாமியின் புருஷன் சவூதியில் இருந்து அனுப்பிய பெரிய ரீவி அது. சனிக்கிழமைகளில் பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடர் தொடங்கும், ஆறுக்கு முடியும். இருட்டுவதற்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். சந்தியில் இருந்த காவலரணைத் தாண்டிப் போகவேண்டியவர்களுக்கு அது முக்கியம்.

தொடருக்கு ஏதோ பெயர் இருந்தது. நாங்கள் அதைக் ‘கண்ணாடிக் கூரை’ என்றுதான் சொன்னோம். எங்கேயோ தூரத்தில் ஒரு கிரகம். வெளியே மூச்சுவிட ஏலாத தூசி. ஒரு பெரிய கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருநூறு முந்நூறு பேர் வாழ்கிறார்கள். தூசியோடு சேர்ந்து ஒன்று உள்ளே வந்துவிடுகிறது. அது ஆளைக் கொன்றுவிட்டு அந்த ஆளின் முகத்தை எடுத்துக்கொள்ளும். குரலை எடுத்துக்கொள்ளும். ஞாபகங்களையும் எடுத்துக்கொள்ளும். பெண்சாதிக்குக்கூட வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு கிழமையும் ஒருவர் மாறியிருப்பார். அது ஆர் என்று கடைசி ஐந்து நிமிடத்தில்தான் காட்டுவார்கள்.

அதனால் மாமி வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. இரண்டாவது விளம்பரம் வந்ததும் மாமி சத்தத்தைக் குறைப்பா. எல்லோரும் ஒவ்வொரு பெயர் சொல்லவேண்டும். சரியாகச் சொன்ன ஆளுக்கு அடுத்த கிழமை மெத்தை வைத்த கதிரை. மற்றவர்களுக்குப் பாய். நான் தொடர்ந்து ஒன்பது கிழமை அந்தக் கதிரையில் இருந்தேன்.

“வந்திட்டா இங்கிலீசு மகாராணி, எழும்பி இடம் விடுங்கோ,” என்பாள் மாமியின் மகள். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

“நீயும் காதைத் தீட்டிக்கொண்டு கேள், உனக்கும் கிடைக்கும்.”

“எனக்குக் கதிரை வேண்டாமடி. எங்கட வீட்டுக் கதிரைதானே. நீ போனாப் பிறகு நான்தான் இருக்கப்போறன்.”

அந்த அறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. மாமிக்கு அந்தத் தொடரின் மேல் பெரிய மரியாதை இல்லை. வீடியோவில் வாடகைக்கு எடுக்கும் சாமிப்படங்கள்தான் அவவுக்கு. “எங்கட அம்மன் படத்தில எண்டால் முகத்தை மாத்தினவன் அரை மணித்தியாலத்தில செத்துப்போவான். அம்மன் விடமாட்டா. இவங்களுக்குச் சாமி இல்லை, அதுதான் பன்ரண்டு கிழமையா இழுக்கிறாங்கள்.” கிளாக்கர் அதற்கு நேர் எதிர். எல்லாவற்றிலும் விஞ்ஞானப் பிழை பிடிப்பார். கேள்வியே கேட்கமாட்டார் என்றில்லை, ஆனால் தொடர் ஓடும்போது அவர் வாயில் வருவதெல்லாம் தீர்ப்பு. “விண்வெளியில சத்தம் கேக்காது. காத்தில்லாத இடத்தில வெடிச்சால் சத்தம் வரக்கூடாது. இது முழுப் பொய்.”

“சத்தம் இல்லாட்டி ஆர் அண்ணை பாப்பினம்?” என்றார் ஐஸ் அண்ணா. “இஞ்ச நேவிக்காரன் கடலுக்குள்ள சுட்டாலே எங்கட யன்னல் ஆடுது.”

ஐஸ் அண்ணா மீன்பிடித் துறைப் பக்கத்தில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அதனால் அந்தப் பெயர். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவியோடு வருவார். அந்த அக்கா என்னைவிட ஐந்து வயதுதான் மூப்பு. கண்ணாடிக் கூரையின் கதவு திறக்கும் சத்தம் ஐஸ் அண்ணாவுக்கு நல்ல விருப்பம். ‘ஸ்ஸ்ஸ்’ என்று திறக்கும். எங்கள் குளிர் அறைக் கதவும் அப்படித்தான் என்பார். குழந்தைக்கு அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார். அது சிரிக்கும்.

தையல்கார அண்ணன் வாசல் நிலையோடு சாய்ந்து நிலத்தில் இருப்பார். கட்டைபறிச்சானில் இருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு மெஷினோடு சின்னக் கடை வைத்திருந்தார். தனி ஆள். அவர் அந்தத் தொடரைப் பார்த்தது உடுப்புக்காக. “அந்தச் சட்டையில தையல் தெரியேல்ல பாருங்கோ. இழுத்துப் பூட்டுற சிப் முதுகில. அதுதான் அவங்கள் ஒருத்தரும் கமராவுக்கு முதுகு காட்டுறேல்ல.” அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் முதுகைத் தேடினோம். பதினோராவது கிழமை ஒருத்தி ஓடும்போது சிப் தெரிந்தது. அறையே கைதட்டியது. தையல்கார அண்ணன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அதிகம் கதைக்கிறவர் இல்லை.

நான் எப்படி ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன் என்று எல்லோரும் கேட்டார்கள். நான் உடனே சொல்லவில்லை. இரண்டு மூன்று கிழமை கெஞ்சவிட்டேன். பிறகு சொன்னேன்.

ஆங்கிலத்தை அவ்வளவு வேகத்தில் கேட்டுப் பிடிப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை நான் வெளியில் காட்டவில்லை, அவ்வளவுதான். எனக்கு முதலில் பிடிபட்டவை கேள்விகள். எங்கே, ஏன், ஆர், எப்போது. கேள்வியில் குரல் மேலே போகும், வசனம் சின்னதாக இருக்கும். ஆகவே நான் கேள்விகளைப் பிடித்துப் பிடித்துத்தான் கதையை விளங்கினேன். அப்படிக் கேட்டுக்கொண்டு வந்தபோது ஒன்று தெரிந்தது. மாறிப்போன ஆள் அந்தக் கிழமை முழுக்க ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. பதில் சொல்லும், கட்டளையிடும், அழும், சிரிக்கும். கேட்காது. செத்தவரின் ஞாபகம் முழுக்க அதனிடம் இருக்கிறது, புதிதாக ஒன்றையும் அறியும் தேவை அதற்கு இல்லை. எழுதியவர்கள் வேண்டுமென்றே அப்படி எழுதினார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்பது கிழமையும் சரியாக வந்தது.

“பிள்ளை, நீர் கம்பஸுக்குப் போகவேண்டிய ஆள்,” என்றார் கிளாக்கர். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை, சந்தோஷத்தில்.

இனிச் சொல்லப்போவது பதின்மூன்றாவது கிழமை. விளம்பர நேரம். ஐஸ் அண்ணா குழந்தையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டு, ஒன்றையும் யோசிக்காமல் சொன்னார்: “இந்தக் கிழமை ஒரு போட்டுக்குப் பத்துப் பார் ஐஸ் குடுத்தனான். மூதூர்ப் பக்கம் போற போட். மீனும் இல்லை, வலையும் இல்லை. ஐஸ் என்னத்துக்கு எண்டு நான் கேக்கேல்ல.”

அக்கா அவருடைய முழங்காலில் தட்டினா. “வாயை மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கோ.”

“படம் எங்கை ஓடுது? சவுக்கார விளம்பரம் தானே ஓடுது.”

எல்லோரும் சிரித்தோம், மூதூர்க் கரையில் இயக்கம் நிற்பது தெரிந்தும். அறையில் இருந்தது மாமி, மாமியின் மகள், கிளாக்கர், தையல்கார அண்ணன், அக்கா, நான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியச் சுற்றிவளைப்பு. அது எங்களுக்குப் புதிது இல்லை. ஒலிபெருக்கியில் சொல்வார்கள், அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகவேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வெயில் ஏற ஏற இருப்போம். பத்து மணியளவில் விட்டுவிடுவார்கள், சிலரைத் தவிர. அன்றைக்கு ஒரு தாளைப் பார்த்து ஒரே ஒரு பெயரைத்தான் வாசித்தார்கள். ஐஸ் அண்ணா எழும்பினார். தமிழ் தெரிந்த ஒரு ஆமிக்காரன் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்.

“எந்தப் போட்டுக்கு ஐஸ் குடுத்தனீ?”

நான் அப்போது அக்காவின் பக்கத்தில் இருந்தேன். அவ குழந்தையை இறுக்கிப் பிடித்தா. அது அழத் தொடங்கியது. ஐஸ் அண்ணா எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்காவை மட்டும் பார்க்கவில்லை. மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஆண்கள் வரிசையில் கிளாக்கரையும் தையல்கார அண்ணனையும் பார்த்தார். ஒவ்வொருவராக. கண்ணாடிக் கூரைக்குள் கதவை மூடிவிட்டு ஒருவரை ஒருவர் பார்ப்பார்களே, அப்படி. ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கிழமை ஒழுங்கை முழுக்க அக்கா வீட்டில்தான். வருகிறவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எந்த முகாம்? ஆர் கொண்டுபோனது? அடிச்சவங்களோ? மாமி கேட்டா, மாமியின் மகள் கேட்டாள். கிளாக்கர் இரண்டு தரம் வந்து, எந்த அதிகாரியிடம் கடிதம் கொடுக்கலாம் என்று விசாரித்தார். தையல்கார அண்ணனும் வந்தார். குழந்தைக்கு ஒரு பால்மா பெட்டியைக் கதிரையில் வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

நான் அதைக் கவனித்தேன். கவனிப்பதுதானே என் கெட்டித்தனம்.

சனிக்கிழமை மாமி வீட்டுக்கு அக்காவும் வந்தா. தனிய வீட்டில் இருக்க ஏலாது என்றா. தையல்கார அண்ணன் வரவில்லை. கலியாண உடுப்பு ஒன்று அவசரமாகத் தைக்க இருக்கிறது என்று மாமியிடம் சொல்லியிருந்தார். தொடர் ஓடியது. ஒருவரும் பார்க்கவில்லை. நான் மொழிபெயர்க்கவும் இல்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. இரண்டாவது விளம்பரம் வந்தபோது பழக்கத்தில் மாமி சத்தத்தைக் குறைத்தா.

அக்கா என்னைப் பார்த்தா. கண் வீங்கியிருந்தது.

“அவர் அந்தக் கதையை இந்த அறைக்குள்ளதான் சொன்னவர். வேறை எங்கையும் சொல்லேல்ல. நீ சொல்லு பிள்ளை. நீதானே ஒவ்வொரு கிழமையும் கண்டுபிடிக்கிறனி. ஆர்?”

“அக்கா, இது படமில்லை.”

“எனக்குத் தெரியும் இது படமில்லை எண்டு. உனக்குத் தெரியாதெண்டால் தெரியாதெண்டு சொல்லு.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அந்த மெத்தைக் கதிரையில் இருந்துகொண்டு, எல்லோரும் என் வாயைப் பார்க்க, தெரியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. கிளாக்கர் மெல்லச் சொன்னார்: “பிள்ளைக்கு ஏதோ தெரியும் போலை கிடக்கு.”

நான் சொன்னேன். “எல்லாரும் உங்களிட்டை வந்து கேட்டவை. ஒரு ஆள் மட்டும் ஒண்டும் கேக்கேல்ல. இண்டைக்கு வரவும் இல்லை.”

பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் வாசல் நிலைக்குப் போனது. அங்கே வெறும் நிலம். மாமி சத்தத்தைத் திரும்பக் கூட்டினா.

ஏழு மாதம் கழித்து ஐஸ் அண்ணா திரும்பி வந்தார், ஒரு காது கேட்காமல். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் போட்டைக் கடலில் பிடித்திருக்கிறார்கள். அதில் இருந்தவர்களை அடித்தபோது, ஐஸ் எங்கே எடுத்தது என்று அவர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். மாமி வீட்டு அறையில் இருந்த ஒருவரும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அது ஏழு மாதம் கழித்து. அந்தச் சனிக்கிழமை நான் வீட்டுக்கு நடந்து வந்தபோது, கணக்குப் பாடத்தில் கடைசி வரி சரியாக வந்ததுபோல ஒரு திருப்தி இருந்தது. மறைத்து என்ன பயன், இருந்தது.

திங்கட்கிழமை அம்மா குழாயடியில் இருந்து தண்ணீரோடு வந்தா. முகமெல்லாம் சிரிப்பு.

“எல்லாரும் உன்னைப் பற்றித்தான் கதை.”

“என்னவாம்?”

“காட்டிக்குடுத்தவனை என்ரை பிள்ளைதான் கண்டுபிடிச்சவளாம். படிச்ச பிள்ளையெண்டால் அப்பிடித்தான் எண்டு சொல்லீனம். முந்தி என்னைக் கண்டால் வாளியைத் தள்ளி வைக்காத ஆக்களும் இண்டைக்கு இடம் விட்டவை.”

“ஆரம்மா சொன்னது?”

“ஆரோ. எல்லாருக்கும் தெரியுது.”

அம்மா வாளியை இறக்கிவைத்துவிட்டு என் தலையைத் தடவினா. கை ஈரமாக இருந்தது. அந்த ஈரம் கழுத்தால் இறங்கி முதுகுக்குள் போனது எனக்கு இப்போதும் தெரிகிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமி வீட்டுக்குள் நாங்கள் சொல்லும் பெயர்கள் ஆறு மணிக்குத் தொடரோடு முடிந்துவிடும். இந்தப் பெயர் முடியவில்லை. அது நடந்துகொண்டிருக்கிறது. குழாயடி வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் ஊரில் காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்தால் பிறகு என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மின்கம்பத்தில் இயக்கம் சுட்டுக் கட்டியவனைச் சுற்றி ஆட்கள் கூடி நிற்க, பள்ளிக்கூடம் போகும் வழியில் அம்மா என் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போயிருக்கிறா, ஒரு தரமல்ல.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ரியூஷன் முடிந்து வரும்போது, ஒழுங்கைக்கு முன்னால் ஒரு சைக்கிளில் இரண்டு பேர் நின்றார்கள். என்னைவிடக் கொஞ்சம் மூப்பு இருக்கும். நன்றாகத் தலை வாரியிருந்தார்கள். ஒருவன் சிரித்தான்.

“தங்கச்சி, நீங்கள்தானே உயர்தரம் படிக்கிற பிள்ளை?”

“ஓம்.”

“உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டம். நல்ல கெட்டிக்காரி எண்டு. இஞ்ச ஒரு தையல்கடை இருக்காம். எங்கை?”

கடை அவர்களுக்குப் பின்னால் அறுபது அடி தூரத்தில் இருந்தது. பலகை ஒன்றும் எழுதித் தொங்கவில்லை. அவர்களுடைய கையில் துணி இல்லை. சைக்கிளில் பையும் இல்லை.

“என்ன தைக்க?” என்று கேட்டேன்.

“சட்டை.” மற்றவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அவர் இண்டைக்கு இல்லை. நூல் வாங்க ரவுண் கடைக்குப் போயிட்டார். நாளைக்குக் காலமை எண்டால் இருப்பார்.”

நான் எவ்வளவு இலகுவாகப் பொய் சொன்னேன் என்று எனக்கே வியப்பு. முதலாமவன் தலையாட்டினான். “சரி, நாளைக்கு வாறம். நல்லாப் படியுங்கோ தங்கச்சி.”

சைக்கிள் சந்தியைத் தாண்டும்வரை நான் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு திரும்பி வந்து கடைக்குள் போனேன். அவர் உள்ளே இருந்தார். மெஷினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை, வெள்ளை. யாருடைய பிள்ளைக்கோ. என்னைப் பார்த்ததும் காலை எடுத்தார், மெஷின் நின்றது. ‘என்ன?’ என்றுகூடக் கேட்கவில்லை. நான் சொல்லும்வரை காத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நாளைக்கு ரெண்டு பேர் வருவினம். நீங்கள் நிக்கக்கூடாது.”

அவர் ஊசிக்குக் கீழே இருந்த துணியை மெல்ல இழுத்து எடுத்தார்.

“நான்தான் சொன்னனான். ஐஸ் அண்ணாவை நீங்கள்தான் காட்டிக்குடுத்தது எண்டு. நீங்கள் அக்காவிட்டை ஒண்டும் கேக்கேல்ல. எல்லாரும் கேட்டவை, நீங்கள் மட்டும் கேக்கேல்ல. அந்தப் படத்தில வாற மாதிரி...”

சொல்லச் சொல்ல என் காதுக்கே அது எவ்வளவு முட்டாள்தனமாக இருந்தது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“என்ரை தம்பியைக் கொண்டுபோனவங்கள்,” என்றார். “கட்டைபறிச்சானில இருக்கேக்க. நான் முகாம் வாசலில போய்க் கேட்டனான். எங்கை எண்டு. ஒவ்வொரு நாளும் போய்க் கேட்டனான். பத்தாம் நாள் என்னையும் உள்ளுக்கு எடுத்தாங்கள். பதினாலு மாசம். உள்ளுக்கு நான் கேக்கிற ஒவ்வொரு கேள்விக்கும்...” நிறுத்திவிட்டு வலது கையை விரித்துக் காட்டினார். இரண்டு விரல்களின் நகங்கள் தடித்து, மடிந்து வளர்ந்திருந்தன. அந்தக் கையால் அவர் அவ்வளவு நேராகத் தைப்பதை நான் ஒரு வருடமாகப் பார்த்திருக்கிறேன். நகத்தைப் பார்த்ததில்லை. “அதோட கேக்கிறது விட்டுப்போச்சு, பிள்ளை. வாயில வராது. அந்தப் பிள்ளையிட்டைப் போய் எந்த முகாம் எண்டு கேக்க எனக்கு வரேல்ல.”

“நான் எல்லாரிட்டையும் போய்ச் சொல்லுறன். பிழையெண்டு சொல்லுறன்.”

“சொல்லாதையுங்கோ. பிறகு உங்களை வந்து கேப்பாங்கள், ஏன் மாத்திச் சொல்லுறீர் எண்டு.”

அவர் எழும்பினார். கத்தரிக்கோலை ஒரு துணியில் சுற்றினார். அளவு நாடாவைக் கழுத்தில் இருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அரைகுறையாக நின்ற வெள்ளைச் சட்டையை மடித்து என்னிடம் தந்தார். ஒரு கை மட்டும் தைத்துப் பூட்டவேண்டியிருந்தது. “இது மூண்டாவது வீட்டுப் பிள்ளையின்ரை. குடுத்துவிடுங்கோ.” மெஷினைத் துணியால் மூடினார். அதைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது.

எங்கே போகிறீர்கள் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தால் என்னிடமிருந்து எடுத்துவிடலாம். இருவரும் வெளியே வந்ததும், அவர் கதவைப் பூட்டிவிட்டு எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

புதன்கிழமை காலமை அந்த இருவரும் வந்தார்கள். பூட்டிய கதவைப் பார்த்தார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சந்திக்கு வந்தபோது சைக்கிள் என் பக்கத்தில் மெல்ல ஓடியது.

“தங்கச்சி, அண்ணை நூல் வாங்கிக்கொண்டு இன்னும் வரேல்ல போலை.”

நான் நடையை வேகமாக்கினேன். அவன் அதே சிரிப்போடு கொஞ்சத் தூரம் கூடவே வந்தான். காவலரண் தெரிந்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு என்னிடம் அவர்கள் வரவில்லை. வருவார்கள் என்று நான் இரண்டு வருடம் காத்திருந்தேன்.

தையல்கார அண்ணன் உயிரோடு இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது எனக்கு இருபத்தாறு வயது. மின்கம்பத்தடியில் அவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் தெரியும். அவருடைய மெஷினை ஆரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் போனதற்கு அடுத்து வந்த சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் போகாமல் விட நினைத்தேன். போகாமல் விட்டால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வராததைச் சான்றாகக் காட்டியவளே நான்தானே. ஐந்து மணிக்குப் போனேன். எல்லோரும் வந்திருந்தார்கள். ஐந்துக்கு முன்னமே வந்திருந்தார்கள். மெத்தைக் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. நானும் பாயில் இருந்தேன்.

“வாறீரோ பிள்ளை? சுகமோ?” என்றார் கிளாக்கர்.

“ஓம். நீங்கள் சுகமோ?”

“மாமி, தேத்தண்ணி போடட்டோ?” என்றா அக்கா.

“சீனி கிடக்கோ எண்டு பார். குழந்தை சாப்பிட்டதோ?”

“சாப்பிட்டது. உங்களுக்குக் கால் நோ எப்பிடி?”

“அம்மா, இண்டைக்கு என்ன திகதி?” மாமியின் மகள் கேட்டாள். அவளுக்குத் திகதி தெரியும். திங்கட்கிழமை எங்களுக்குச் சோதனை.

அப்போதுதான் கவனித்தேன். ஒருவரும் ஒரு கேள்வி கேட்காமல் வசனத்தை முடிக்கவில்லை. கடற்கரை றோட் திறந்திட்டாங்களோ? மழை வருமோ? கரண்ட் நிக்குமோ? பதிலை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு, தான் கேட்டது மற்றவர்களுக்குக் கேட்டதோ என்று சுற்றிப் பார்த்தார்கள். தொடர் தொடங்கியது. திரையில் ஒரு கப்பல் வெடித்தது. கிளாக்கர், என் பக்கம் குனிந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “பிள்ளை, விண்வெளியில சத்தம் கேக்குமோ?”

யாரும் சிரிக்கவில்லை.

தையல்கார அண்ணன் எங்கே என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வாசல் நிலைப் பக்கம் ஒருவரும் முதுகைத் திருப்பி இருக்கவும் இல்லை. இரண்டாவது விளம்பரம் வந்தபோது மாமியின் கை சத்தம் குறைக்கும் பொத்தானுக்குப் போய், பாதியில் நின்று, மடிக்குத் திரும்பி வந்தது. சவுக்கார விளம்பரம் முழுச் சத்தத்தில் ஓடியது. அந்தச் சத்தத்துக்குள் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் வந்து கனநேரம், சுகமோ என்றதோடு சரி, ஒன்றும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

“மாமி, இப்ப நேரம் என்ன?” என்று கேட்டேன்.

மணிக்கூடு எனக்கு நேர் எதிரேதான் தொங்கியது.